மின்சாரக் காரின் வீல் கவர்: அழகுக்குக் கழற்றலாமா, சிக்கனத்துக்கு மாட்டி வைக்கலாமா?

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதால், முதலில் அதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்கியிருப்பது 18 அங்குல ரிம் பொருத்திய புதிய டெஸ்லா மாடல் 3. வீடு சுங்கை சிப்புட்டில். வாரத்தில் ஐந்து நாள் பழைய சாலை வழியாக ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறீர்கள். மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு கோலாலம்பூருக்குப் போகிறீர்கள். சக்கரத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் கவர் உங்களுக்கும் வீட்டாருக்கும் பிடிக்கவில்லை. அதைக் கழற்றிவிட்டு உள்ளே இருக்கும் ஸ்போர்ட் ரிம்மை அப்படியே விட்டால் ஓடும் தூரம் எவ்வளவு குறையும் என்பது முதல் கேள்வி. ஒரேயடியாக 19 அங்குல ரிம்முக்கு மாறிவிடலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்கு என் பதில்: கழற்றுங்கள், ஆனால் தூக்கி எறியாதீர்கள், நெடுந்தூரப் பயணத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு என் பதில்: வேண்டாம். இந்த இரண்டு பதில்களும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

அழகைப் பற்றிக் கேட்டதற்காக நீங்கள் சற்றுத் தயங்கியிருக்கிறீர்கள். தயங்க வேண்டியதில்லை. என் தகப்பனார் லிந்தாங் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் துரைக்கு டிரைவராக இருந்தவர். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலையில், லயத்துக்கு முன்னால் காரை நிறுத்தி, குரோமிய வீல் கேப் நான்கையும் கழற்றிச் சாக்கின் மேல் வரிசையாக வைப்பார். முதலில் சாம்பல், பிறகு ஈரத் துணி, கடைசியாகத் தேங்காய் எண்ணெய் தொட்ட பழைய வேட்டித் துண்டு. துடைத்து முடித்ததும் அதில் என் முகம் வட்டமாக வீங்கித் தெரியும். கார் துரையுடையது, ஆனால் அந்தப் பளபளப்பு எங்கள் அப்பாவுடையது என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் கார் என்பது கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் நிற்கிற பொருள். புதுக் கார் பூஜையில் நான்கு சக்கரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வெளியே எடுக்கிறோம். அந்தச் சக்கரம் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைப்பதில் குறையொன்றும் இல்லை. ஒன்பது ஆண்டு கடன் கட்டப் போகிற பொருளைக் காலையில் பார்க்கும்போது மனம் மகிழ வேண்டும்.

மின்சாரக் காரில் சக்கரத்தின் தோற்றம் இவ்வளவு பெரிய சிக்கலாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. பேட்டரி காருக்குள் கால் வைக்கும் தளத்துக்கு அடியில் தட்டையாகப் பரப்பப்பட்டிருப்பதால் தளம் உயர்கிறது. அதற்கு மேல் ஆள் உட்கார வேண்டும் என்பதால் கூரையும் சற்று உயர்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் உடல் தடித்துத் தெரியும். தடித்த உடலுக்குக் கீழே சின்னச் சக்கரம் இருந்தால் கண்ணுக்குப் பொருந்தாது. அதனால் வடிவமைப்பாளர் பெரிய ரிம் கேட்கிறார். காற்றியல் பொறியாளரோ சிறிய ரிம்மும் மூடிய முகமும் கேட்கிறார். உங்கள் காரில் இருக்கும் கவர் இந்த இருவரும் செய்துகொண்ட சமாதானம்: உள்ளே பார்க்கத் தகுந்த அலாய் ரிம், வெளியே காற்றுக்காக ஒரு பிளாஸ்டிக் முகம். இதைத் தொடங்கி வைத்தது டெஸ்லா அல்ல. டொயோட்டா பிரியஸ் காரில் அலாய் ரிம்மின் மேல் இதே போன்ற பிளாஸ்டிக் கவர் மாடல் 3 வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இருந்தது. அதற்கும் முன்னால், அமெரிக்காவின் உப்பு வெளிகளில் வேகச் சாதனைக்காக ஓடிய கார்களின் சக்கரத்தில் தட்டையான அலுமினியத் தகட்டை மூடி ஓட்டியிருக்கிறார்கள்.

அந்த மூடி என்ன செய்கிறது? சக்கரம் உருளும்போது அதன் அடிப்பகுதி தரையில் நிற்கிறது, மேல்பகுதியோ காரின் வேகத்தைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. நீங்கள் 110-இல் போனால் டயரின் உச்சி 220-இல் காற்றைக் கிழிக்கிறது. அதற்குள் இருக்கும் ஆரங்கள் மின்விசிறியின் இறக்கைகளைப் போல் வேலை செய்கின்றன. உள்ளிருந்து காற்றை இழுத்துப் பக்கவாட்டில் வீசுகின்றன. காரின் பக்கத்தை ஒட்டி வழுவழுவென்று போக வேண்டிய காற்றோட்டம் அந்த வீச்சில் கலைந்து, சுழலாகி, பின்னால் இழுக்கும் விசையாகிறது. ஆரங்களுக்கு இடையே உள்ள திறப்பை மூடினால் இந்த விசிறி வேலை குறைகிறது. சைக்கிள் பந்தயத்தில் இதை நேரடியாகப் பார்க்கலாம். மலேசிய வீரர் அசிசுல்ஹாஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் வென்ற கெய்ரின் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சைக்கிள்களின் பின்சக்கரத்தில் கம்பிகளே தெரியாது, முழுத் தட்டாக இருக்கும். காரணம் இதுவேதான்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். அமெரிக்காவின் கார் அண்ட் டிரைவர் இதழ், முந்தைய தலைமுறை மாடல் 3 காரில் 18 அங்குலக் கவரை மாட்டியும் கழற்றியும், மூடிய சோதனைத் தடத்தில், மணிக்கு 50, 70, 90 மைல் என்ற மூன்று வேகங்களில் ஓட்டிப் பார்த்தது. நம் கணக்கில் அது 80, 113, 145 கிலோமீட்டர். கவர் மாட்டியபோது கிடைத்த சிக்கனம் சராசரியாக 3.4 விழுக்காடு. அந்தக் கார் அறிமுகமான காலத்தில் கவரைப் பற்றிப் பேசப்பட்ட பெரிய எண்களை மறந்துவிட்டு, இந்த 3.4 என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரின் கவர் வேறு வடிவம் என்பதால் எண் சற்று ஏறலாம், சற்று இறங்கலாம். ஆனால் கணக்குப் போடுவதற்கு இது போதும்.

அந்த 3.4 விழுக்காட்டை நம் சாலைக்குக் கொண்டு வருவோம். உங்கள் காரின் காற்று எதிர்ப்பு எண் ஏறக்குறைய 0.22, முன்முகப் பரப்பு 2.2 சதுர மீட்டர் அளவு, ஆட்களோடு சேர்த்து எடை 1,850 கிலோ என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. மணிக்கு 110 கிலோமீட்டரில், ஒரு கிலோமீட்டர் ஓடக் காற்று கேட்பது 73 வாட்-மணி. டயர் உருள்வதற்குப் போவது 45. நம் வெயிலில் ஏர்கோன் 1,000 வாட் இழுத்தால் அதற்கு 9. மோட்டாரிலும் பேட்டரியிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் மொத்தம் 140 சொச்சம். இதில் 3.4 விழுக்காடு என்பது கிலோமீட்டருக்கு 5 வாட்-மணி. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி, அதாவது வேகத்தை வேகத்தால் பெருக்கிய அளவில், ஏறி இறங்கும். 70 கிலோமீட்டர் வேகத்தில் இந்த 5 என்பது 2 ஆகிவிடும். 50-இல் 1 மட்டுமே. ஊருக்குள் 50-இல் போகும்போது காற்று கேட்பதே 15 வாட்-மணிதான். டயர் உருள்வதற்கு அதைப் போல் மூன்று மடங்கு போகிறது. ஈப்போ பழைய சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் 60-இல் ஊர்ந்து போகிற காலை வேளையில், கவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காருக்கே தெரியாது.

ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்க்கலாம். வேலைக்கும் ஊர்ச் சுற்றலுக்கும் 15,000 கிலோமீட்டர், கோலாலம்பூர் பயணத்தின் நெடுஞ்சாலைப் பகுதி மட்டும் 9,600 கிலோமீட்டர் என்று கொண்டால், கவர் மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 80 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு (ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி). வீட்டு மின்சாரத்தை யூனிட்டுக்கு 50 காசு என்று வைத்தால் 40 வெள்ளி (ரிங்கிட்). முழுவதையும் விரைவு சார்ஜரில், யூனிட்டுக்கு ஒன்றரை வெள்ளி கொடுத்து ஏற்றினாலும் 120 வெள்ளி. குடும்பமாகப் போய் வாழையிலைச் சாப்பாடு ஒன்றோ இரண்டோ சாப்பிட்டால் போகிற தொகை. பணத்துக்காக மட்டும் ஒருவர் பிடிக்காத கவரை ஆண்டு முழுக்க மாட்டி வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இதனால்தான் முதல் கேள்விக்குக் கழற்றுங்கள் என்றேன்.

நெடுந்தூரத்துக்கு மட்டும் ஏன் மாட்டச் சொல்கிறேன் என்றால், அங்கே கணக்கு வெள்ளியில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 60 யூனிட் பேட்டரியோடு 110-இல் ஓடினால் 425 கிலோமீட்டர் கிடைக்கும், அதில் 3.4 விழுக்காடு என்பது 14 கிலோமீட்டர். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போகிற தூரத்தில் பாதி. கோலாலம்பூர் போய்த் திரும்ப 460 கிலோமீட்டர் ஆகும் என்பதால், கவர் மாட்டினாலும் எங்காவது ஒரு முறை சார்ஜ் செய்யத்தான் வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் பண்டிகைக் கால ஞாயிற்றுக்கிழமை இரவில், ஓய்விடத்துச் சார்ஜரில் ஐந்து கார் வரிசையில் நிற்க, பின் இருக்கையில் பிள்ளைகள் தூங்கிவிட்டிருக்க, மீதமுள்ள விழுக்காட்டில் வீடு போய்ச் சேரலாமா என்று கணக்குப் போடுகிற அந்த நேரத்தில் 14 கிலோமீட்டர் பெரியது. செலவில்லாமல், கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடத்தில் கிடைக்கிற 14 கிலோமீட்டரை ஏன் விட வேண்டும்?

அதே நேரத்தில், கவரை விடப் பெரிய கருவி உங்கள் வலது காலில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 110-இலிருந்து 100-க்கு இறங்கினால், மேலே போட்ட அதே கணக்கின்படி, மொத்தச் செலவு 9 விழுக்காடு குறைகிறது. கவர் தருவதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஈப்போவிலிருந்து தலைநகர் வரை 200 கிலோமீட்டரில் இதனால் கூடும் நேரம் 11 நிமிடம். இதோடு டயர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரியான அளவு. நம் ஊர்க் கடைகளில் எல்லாக் காருக்கும் ஒரே அளவாக நிரப்பிவிடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. மின்சாரக் காரின் எடைக்கு அது பெரும்பாலும் போதாது. கவரை மாட்டிவிட்டுக் காற்றில்லாத டயரில் ஓடுவது, ஓட்டைக் குடத்தைத் துலக்கி வைப்பது போலத்தான்.

எதிர்க்காற்றின் கணக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் ஒரு நாள் கவரோடும் மறுநாள் கவரில்லாமலும் ஓட்டிவிட்டு, வேறுபாடே இல்லை என்றோ, பத்து விழுக்காடு வேறுபாடு என்றோ சொல்கிறார்கள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வீசும் இளங்காற்று, நெஞ்சில் பட்டால் இதமாக இருக்கிற அளவு காற்று, 110-இல் ஓடும் காரின் மொத்தச் செலவை 5 விழுக்காடு ஏற்றிவிடும். கவரின் பலன் அதற்குள் மூழ்கிப் போகும். சாலையில் மழைநீர் நின்றால் இன்னும் ஏறும். ஆகவே உங்கள் திரையில் தெரிகிற எண்ணை வைத்துக் கவரைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சோதனைத் தடத்தில் அளந்த எண்ணை நம்பினால் போதும்.

இப்போது 19 அங்குலம். இங்கேதான் உங்களைச் சற்று உறுதியாகத் தடுக்க விரும்புகிறேன். 2023-இல் புதிய வடிவில் வந்த மாடல் 3 பின்சக்கர இயக்கக் காருக்கு ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்ட தூரம், டபிள்யூஎல்டிபி என்ற தூரச் சோதனை முறையில், 18 அங்குலத்தில் 554 கிலோமீட்டர், 19 அங்குலத்தில் 513. அதே கார், அதே பேட்டரி, 41 கிலோமீட்டர் குறைவு, அதாவது 7 விழுக்காட்டுக்கும் மேல். ஹூண்டாய் ஐயோனிக் 6 காரில் இந்த இடைவெளி இன்னும் அகலம்: பெரிய பேட்டரியுடைய பின்சக்கர இயக்கக் காருக்கு 18 அங்குலத்தில் 614, 20 அங்குலத்தில் 545. அந்தச் சோதனை முறையின் சராசரி வேகம் 46.5 கிலோமீட்டர்தான் என்பதைக் கவனியுங்கள். காற்றின் பங்கு குறைவாக உள்ள சோதனையிலேயே இவ்வளவு இழப்பு வருகிறதென்றால், காற்று மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெரிய ரிம் கனமானது. அதன் எடை வெளி விளிம்பை நோக்கி நகர்கிறது. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்படும் டயர் பெரும்பாலும் சாலையை இறுகப் பிடிக்கும் வகையாக இருக்கும். இறுகப் பிடிப்பது உருள்வதற்கு அதிகம் கேட்கும். கவரைக் கழற்றினால் நீங்கள் இழப்பது 50-இல் ஓடும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. 19 அங்குல ரிம்மோ லோரிக்குப் பின்னால் ஊர்ந்தாலும் தன் பங்கைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அதற்கு மேல் நம் சாலை இருக்கிறது. உங்கள் டயர் 235/45 அளவு. பக்கச் சுவரின் உயரம் 106 மில்லிமீட்டர். 19 அங்குலத்தில் அது 235/40 ஆகி, 94 மில்லிமீட்டராகக் குறையும். 12 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். தோட்டத்துக்குத் திரும்பும் முனையில், லோரிச் சக்கரம் அரைத்து அரைத்து உண்டான குழியின் தார் விளிம்பு கத்தியைப் போல் நிற்கும். மழை பெய்து தண்ணீர் நிரம்பினால் குழி இருப்பதே தெரியாது. அதில் இறங்கும்போது ரிம்முக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே இருப்பது இந்தப் பக்கச் சுவர் மட்டுமே. என் அண்ணன் டயர்க் கடை வைத்திருந்த காலத்தில் சனிக்கிழமைகளில் நான் உதவிக்கு நிற்பேன். ரிம்மைச் சுழல விட்டு, விளிம்புக்கு அருகே சுண்ணக்கட்டியைப் பிடித்தால், வளைந்த இடம் மட்டும் வெள்ளைக் கோடு வாங்கும். அப்படிக் கோடு வாங்கியவற்றில் பெரும்பாலானவை, கடையில் வந்து மாட்டிக்கொண்ட பெரிய ரிம்கள். டயரின் பக்கத்தில் முட்டை போல் ஒரு புடைப்பு வந்துவிட்டால் அந்த டயரைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. பஞ்சர் போல ஒட்ட முடியாது. உங்கள் எடையுள்ள காருக்குப் பாரம் தாங்கும் தரமுள்ள 19 அங்குல டயர், நம் ஊர்க் கடையில் கேட்ட அன்றே கிடைப்பதும் அரிது.

ரிம் கவரைப் போலன்று. வெள்ளிக்கிழமை மாலையில் கழற்றித் திங்கட்கிழமை மாட்ட முடியாது. வாங்கிய அன்றிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டரிலும் அது உங்களோடு வரும்.

கவரைக் கழற்றினால் மைய மூடியும் நட்டு மூடிகளும் இல்லாமல் ரிம்மின் நடுப்பகுதி வெறிச்சென்று இருக்கும். அதற்கென்றே நிறுவனம் ஒரு சிறு மூடித் தொகுதி விற்கிறது. அதை வாங்கிப் போடுங்கள். அழகுக்காக மட்டுமல்ல, திறந்து கிடக்கும் நட்டில் நம் மழை துருவைக் கொண்டு வரும், துரு ஒழுகி ரிம்மில் செந்நிறக் கோடு விழும்.

இனி வெளியே விற்கும் கவர்களைப் பற்றி. அசல் கவரின் வடிவம் பிடிக்காமல், இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் வேறு வடிவக் கவரை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். என் அக்காள் மகனுக்கு நானே அப்படி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன், அதற்காக இன்றுவரை வருந்துகிறேன். பார்க்க அழகாக இருந்தது. ஆறு மாதம் வெயிலில் நின்ற பிறகு, தாப்பாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போது இடது பின்சக்கரத்தின் கவர் கழன்று, உருண்டு, அவசரத் தடத்தைக் கடந்து போய் வடிகாலில் விழுந்தது. பின்னால் மோட்டார் சைக்கிள் எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. திரும்பி வந்த பிறகு மற்ற மூன்றையும் கழற்றிப் பார்த்தேன். பின்புறப் பிடிகளில் நகத்தால் அழுத்தினாலே உதிர்கிற அளவுக்குப் பிளாஸ்டிக் வெளுத்து வறண்டிருந்தது. 110-இல் உங்கள் சக்கரம் நொடிக்கு 14 முறைக்கு மேல் சுற்றுகிறது. மையத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும் பொருளை அந்தச் சுழற்சி, அதன் எடையைப் போல் ஏறக்குறைய 170 மடங்கு விசையோடு வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பைத் தாங்கப் போவது கட்டைவிரல் அகலமுள்ள சில பிடிகள்தான். அசல் கவர் அல்லது வெறும் ரிம். இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வேண்டாம். எப்படிப்பட்ட கவரானாலும் டயரின் பக்கத்தைத் தாண்டி வெளியே புடைத்து நிற்கவும் கூடாது.

அதே 170 மடங்கு சேற்றுக்கும் பொருந்தும். செம்மண் தடத்தில் போய் வந்தால், கவரின் உள்பக்க விளிம்பில் மண் போய் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் போகாது. 10 கிராம் மண் ஒரு பக்கமாகக் காய்ந்து ஒட்டியிருந்தால், நெடுஞ்சாலை வேகத்தில் அது 1.7 கிலோ எடை தொங்குவது போல் சக்கரத்தை இழுக்கும். ஸ்டீரிங் நடுங்குகிறது என்று அலைன்மெண்ட் பார்க்கப் போய்ப் பணம் செலவழிப்பார்கள்; கவரைக் கழற்றிக் கழுவியிருந்தாலே போதும். தோட்டத்துக்குள் போகும் நாளில் கவரே இல்லாமல் போவது நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம். வெறும் ரிம்மை ஒரே தெளிப்பில் கழுவிவிடலாம்.

மூடிய கவரால் பிரேக் சூடாகுமா என்று சிலர் கேட்கிறார்கள். மின்சாரக் காரில் வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுவதால், அன்றாட ஓட்டத்தில் பிரேக் தட்டு சூடாகவே வாய்ப்பில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு கேமரன் மலை. பேட்டரி நிறைந்திருந்தால் மோட்டாரால் ஆற்றலைத் திருப்ப முடியாது, இடமில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து சிம்பாங் பூலாய் வரை ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்கும்போது, 1,850 கிலோ காரிலிருந்து 7 யூனிட் ஆற்றல் வெளியேறியாக வேண்டும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் விழுங்கும், மிச்சம் பிரேக்கின் தலையில் விழும். மேலே தங்கியிருந்தால் 100 விழுக்காடு நிரப்பாமல் 85-ஓடு நிறுத்திக்கொண்டு இறங்குங்கள். அந்த வழிக்குக் கவரைக் கழற்றிவிட்டுப் போனாலும் சரிதான், வளைவுகளில் எப்படியும் 110-இல் ஓடப் போவதில்லை.

கடைசியாக, மாட்டும் முறை. கோலாலம்பூர் கிளம்பும் நாளுக்கு முந்தின மாலையில், டயர் குளிர்ந்த பிறகு, முதலில் காற்றைச் சரி பாருங்கள். கவரை மாட்டிய பிறகு காற்று வால்வு ஒளிந்துகொள்ளும் என்பதால் இந்த வரிசை முக்கியம். ரிம்மின் முகத்தையும் கவரின் உள்பக்கத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் நடுவில் மாட்டிக்கொண்டால் ரிம்மின் பூச்சை நாள் முழுக்க அரைக்கும். வால்வுக்கான இடைவெளியை வால்வோடு பொருத்தி, நடுவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையின் அடிப்பகுதியால் விளிம்பைச் சுற்றி எதிரெதிர்ப் பக்கமாக அழுத்துங்கள். ஒவ்வொரு பிடியும் விழும்போது ஒரு சத்தம் கேட்கும். சத்தம் கேட்காத இடத்தை விரல் நகத்தால் நெம்பிப் பாருங்கள், அசைந்தால் அந்தக் கவரை மாட்டாதீர்கள். டயர்க் கடையில் சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால், நட்டுகளை 175 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லி, அதைக் கண்ணால் பார்த்த பிறகே கவரை மூடுங்கள். மூடிய பிறகு தளர்ந்த நட்டு யார் கண்ணிலும் படாது. ஊர் திரும்பிய திங்கட்கிழமை மாலையில் கழற்றி, கழுவி, பழைய தலையணை உறை நான்கில் ஒவ்வொன்றாகப் போட்டு, வெயில் படாத அலமாரிக்கு அடியில் படுக்க வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்த்து நிறுத்தினால் பிடிகள் வளைந்துவிடும்.